எஸ்விஎன் சர்வர் மெமரியைத் தின்று உறைகிறதா? பதிப்பு எண்ணை முதலில் பாருங்கள்

இலங்கையின் மலையகத்தில் உள்ள ஹட்டனில் பிள்ளைகளுக்கு நாங்கள் கோடிங் சொல்லிக்கொடுக்கிற அறையில், 2 ஜிபி ரேம் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர்தான் சர்வர். அதில்தான் அப்பாச்சி என்ற வெப் சர்வரும், கோடில் செய்கிற மாற்றங்களையெல்லாம் பதிவுசெய்து வைக்கிற சப்வெர்ஷனும் (சுருக்கமாக எஸ்விஎன்) ஓடுகின்றன. ஒரு நாள் மாணவி ஒருத்தி எழுதிய ஸ்கிரிப்ட், ஒரே ஃபைலுக்கு ஆயிரக்கணக்கான ப்ராப்பர்ட்டிகளை (ஃபைலோடு ஒட்டிவைக்கிற கூடுதல் குறிப்புகளை) போட்டு கமிட் செய்தது, அதாவது சர்வரில் பதிந்தது, மெஷின் அப்படியே உறைந்துவிட்டது. அவள் அழுதேவிட்டாள். தப்பு அவளுடையது இல்லை.

அது, பாதுகாப்புக் குறைகளுக்கான சிவிஇ பட்டியலில் சிவிஇ-2013-1845 என்று பதிவான ஓட்டை. கமிட் அனுமதி உள்ள யாராவது ஒரு ஃபைலிலோ ஃபோல்டரிலோ ஏராளமான ப்ராப்பர்ட்டிகளைச் சேர்த்தாலோ நீக்கினாலோ, அப்பாச்சிக்குள் இருக்கும் சப்வெர்ஷன் மாட்யூல் மெமரியை வாங்கிக்கொண்டே போகும். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள் இடையிடையே மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) போய் நிறுத்துக் கொட்டிவிட்டு வருவதால்தான் கூடை தாங்குகிறது; கொட்டாமலே பறித்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பிரவுசரில் உங்கள் ரெப்போசிட்டரி (சர்வரில் கோட் சேமித்திருக்கும் இடம்) முகவரியைத் திறந்து பக்கத்தின் அடிக்கு வாருங்கள், சப்வெர்ஷனின் பதிப்பு எண் சின்ன எழுத்தில் இருக்கும். உங்கள் லேப்டாப்பில் எஸ்விஎன் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், அது கிளையன்ட் மட்டும்தான். 1.6 வரிசையில் 1.6.21-க்கு முந்தியதும், 1.7 வரிசையில் 1.7.0 முதல் 1.7.8 வரையும் ஆபத்தானவை. எங்களுடையது 1.7.8!

அப்புறம் சர்வரின் கெர்னல் லாக்கை (லினக்ஸ் தன் நடப்புகளை எழுதிவைக்கும் பதிவை) பாருங்கள். மெமரி தீர்ந்ததால் அப்பாச்சி கொல்லப்பட்டதாக ஒரு வரி இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

அப்டேட்டுக்கு முன்னால் பேக்கப். எஸ்விஎன்அட்மின் கட்டளையில் ஹாட்காப்பி (சர்வரை நிறுத்தாமலே எடுக்கும் முழு நகல்) போட்டு பென்டிரைவில் எடுத்துவையுங்கள், மழை நேரத்தில் கரண்ட் எப்போது போகும் என்று இங்கே யாராலும் சொல்ல முடியாது, இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அப்டேட் செய்யும்போது, இந்த ஓட்டை அடைபட்ட 1.7.9-உடன் நிற்காமல் நேராக 1.14 வரிசைக்கே போங்கள். டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பில் அதுதான் வருகிறது.

கடைசியாக, லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியில் அப்பாச்சி சர்வீஸுக்கு மெமரிமேக்ஸ் (அதிகபட்ச மெமரி) வரம்பு வையுங்கள்; நாங்கள் 512 எம்பி வைத்தோம். இனி வேறு ஏதாவது ஓட்டை வந்தாலும் அப்பாச்சி மட்டும்தான் விழும், நீங்கள் உள்ளே போய்ச் சரிசெய்யலாம்.

முடிந்ததும் ஒரு சோதனை ரெப்போசிட்டரியில், ஒரு ஜன்னலில் மெமரி பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளையைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே மாதிரி ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்கள். எங்கள் அறையில் ஓட்டியது அந்த மாணவியேதான். மெமரி கொஞ்சம் ஏறி, நின்று, கமிட் போனது.