ஃபேட்ஃபேஸ் எழுத்துருவில் தலைப்பு அமைப்பது எப்படி?

ஃபேட்ஃபேஸ் என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் உருவான குண்டு எழுத்து வகை. எழுத்து வார்ப்பாளர் ராபர்ட் தோர்னுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. லாட்டரி விளம்பரமும் நாடக அறிவிப்பும் சுவரில் ஏறிய காலம் அது. தெருவில் போகிறவரை நின்று பார்க்க வைக்கும் எழுத்து அச்சகங்களுக்குத் தேவைப்பட்டது. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்துகளை இயந்திரத்தால் வெட்டத் தொடங்கினார். அச்செழுத்துகளை வார்க்கும் ஈயத்தைவிட மரம் லேசு, விலையும் குறைவு. அதனால் இந்தக் குண்டு எழுத்துகள் இன்னும் பெரிதாயின.

சரி, செய்து பார்ப்போம். கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் அப்ரில் ஃபேட்ஃபேஸ் (Abril Fatface) என்ற இந்த வகை எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிறுவி, ஆங்கிலப் பெரிய ‘ஓ’ எழுத்தை 200 பாயிண்டில் அடியுங்கள். இரண்டு பக்கமும் கன்னங்கரேலென்று உப்பியிருக்கும், நடுவில் ஒடுக்கமான வெள்ளை இடைவெளி. மேலும் கீழும் அந்த இரண்டு கருப்பையும் இணைப்பது முடி போன்ற ஒரு கோடுதான். இந்த எழுத்தின் அழகெல்லாம் அந்த மெல்லிய கோட்டை நம்பித்தான் நிற்கிறது. இனி நாம் செய்வதெல்லாம் அதைக் காப்பாற்றும் வேலைதான்.

அதே எழுத்தை 12 பாயிண்டுக்குக் குறையுங்கள். கோடு மங்கிப்போய், இரண்டு கருப்புத் திட்டுகள் மட்டும் தெரியும். அதனால் பத்திகளுக்கு இது வேண்டவே வேண்டாம். தலைப்பு, போஸ்டர், புத்தக அட்டை, பெயர்ப்பலகை ஆகியவைதான் இதற்கான இடம். அதிலும் மூன்று நான்கு சொற்களோடு நிறுத்துங்கள். கீழே வரும் விவரங்களுக்குச் சாதாரண எடையில், அதாவது சாதாரணத் தடிமனில், வேறு எழுத்துருவை வையுங்கள்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, இதன்மேல் போல்ட் பொத்தானை அழுத்துவது. அப்ரில் ஃபேட்ஃபேஸுக்கு ஒரே எடைதான் உண்டு. பொத்தானை அழுத்தினால் மென்பொருளே எழுத்தைச் சுற்றிச் செயற்கையாகச் சதை போடும். மெல்லிய கோடு தடித்து, நடு இடைவெளி அடைபட்டு, எழுத்து களிமண் உருண்டை போலாகிவிடும். பக்கவாட்டில் இழுத்து அகலப்படுத்துவதும் இதே கேடுதான். இன்னும் எடுப்பாக வேண்டுமென்றால் அளவைக் கூட்டுங்கள்.

அப்புறம் இடைவெளி. பெரிய அளவில் எழுத்துகள் தள்ளித் தள்ளி நிற்பது போலத் தோன்றும். வடிவமைப்பு மென்பொருளில் எழுத்திடைவெளியை (tracking) -10, -20 என்று சிறிது சிறிதாகக் குறைத்துப் பாருங்கள். இரண்டு வரித் தலைப்பு என்றால் வரிகளையும் நெருக்கலாம். மேல் வரியின் வால் கீழ் வரியில் இடிக்காமல் இருந்தால் போதும்.

கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை அச்சிடும்போது மை பரவி மெல்லிய கோட்டைத் தின்றுவிடும். அங்கே அளவைக் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.

தமிழ்த் தலைப்புக்கு இந்த எழுத்துரு உதவாது. இதில் தமிழ் எழுத்துகள் இல்லை. அடித்தால் கணினியிலுள்ள வேறு ஏதாவது எழுத்துருதான் வந்து நிற்கும். தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவின் மிகத் தடித்த பிளாக் (Black) எடையை எடுத்துக்கொள்ளலாம். எந்தத் தடித்த எழுத்துருவானாலும் முதலில் ‘ண’வை அடித்து, சுழிகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடைசியாக, திரையை மட்டும் நம்பாமல் ஒரு பிரதி அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று படியுங்கள். மெல்லிய கோடுகள் கண்ணுக்குத் தட்டுப்பட்டால் தலைப்பு தயார்.