டிரைவர் ஐசி கொதிக்கிறதா? முதலில் சப்ளையைப் பாருங்கள்

எல்இடி விலைப் பலகை, டோக்கன் பலகை என்று செய்து பார்க்கும் புதுப் பிள்ளைகளின் போர்டுகள் என் மேசைக்கு அடிக்கடி வரும். ஒரு காலத்தில் நாங்கள் சொதப்பிய அதே இடங்களில்தான் இவர்களும் சொதப்புகிறார்கள். சப்ளையைத் தலைகீழாகக் கொடுப்பது, சால்டர் ஷார்ட் ஆவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை புகை வந்தால் அதெல்லாம் தானாக மனத்தில் பதிந்துவிடும். சூட்டுப் பிரச்சினைக்கு அந்த நல்ல குணம் கிடையாது. மேசையில் ஒழுங்காக ஓடும். சித்திரை வெயிலில் கம்பத்தில் ஏற்றிய பிறகுதான் பல்லிளிக்கும். அந்தச் சூட்டுத் தவறுகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மிச்ச வோல்டேஜை ஐசியின் தலையில் கட்டுவது

இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். பெட்ரோல் பங்க் விலைப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பி வந்தார். பெரிய சிவப்பு எண்கள், இரண்டு எண்ணுக்கு ஒரு டிஎல்சி5940 (எல்இடியில் ஓடும் கரண்ட்டை நிலையாக வைக்கும் டிரைவர் ஐசி), 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை. மதியமானால் ஐசி போகிறது, மாற்றுகிறார், மறுபடி போகிறது. “ஏன் தம்பி 12 வோல்ட்?” என்று கேட்டேன். “அவுட்புட் 17 வோல்ட் தாங்கும்னு டேட்டாஷீட்ல போட்டிருக்கே சார். கரண்ட்டை ஐசியே பார்த்துக்கும்ல?” என்றார்.

கரண்ட்டை ஐசி பார்த்துக்கொள்ளும், உண்மைதான். எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த வகை டிரைவர், எல்இடி எடுத்தது போக மீதி வோல்டேஜ் முழுவதையும் தன் மேல் வாங்கிக்கொண்டுதான் கரண்ட்டை நிலையாக வைக்கிறது. வாங்கியதெல்லாம் சூடு. 17 வோல்ட் என்பது ஐசியின் அவுட்புட் கால் எவ்வளவு வோல்டேஜில் உடையாமல் நிற்கும் என்ற கணக்கு. அவ்வளவு வோல்டேஜை வைத்துக்கொண்டு முழுக் கரண்ட்டையும் இழுக்கலாம் என்று அது அனுமதி கொடுக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எண்ணுக்கு ஏழு கோடு, ஒரு கோட்டில் நான்கு சிவப்பு எல்இடி தொடராக இருக்கிறது. ஒன்றுக்கு 2 வோல்ட் வீதம் 8 போய்விடும். 12 கொடுத்தால் மிச்சம் 4 வோல்ட். கோட்டுக்கு 20 மில்லி ஆம்பியர் என்றால் 80 மில்லிவாட். இரண்டு எண்ணுக்கு 14 கோடு, மொத்தம் 1.12 வாட். தம்பியின் இரண்டு காப்பர் அடுக்கு போர்டில் வாட்டுக்கு 60 டிகிரி ஏறும் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் காற்றே 65 டிகிரி என்றால், ஐசிக்குள் இருக்கும் சிலிக்கான் 132 டிகிரியில் நிற்கிறது. சப்ளையை 9 வோல்ட் ஆக்கினால்? மிச்சம் 1 வோல்ட்தான், மொத்தம் 0.28 வாட், சிலிக்கான் 82 டிகிரி. எல்இடியில் ஓடும் கரண்ட் அதேதான், அதனால் வெளிச்சமும் அதே. தம்பி நம்பவில்லை. அணைத்து அணைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

மதியத்தில் மட்டும் ஏன் போனது? வெயிலுக்கு ஈடுகொடுக்கப் பகலில் முழு வெளிச்சம் ஓடும், அது ஒன்று. இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை: சூடானால் எல்இடி எடுக்கும் வோல்டேஜ் குறையும், ஒரு டிகிரிக்குத் தோராயமாக 2 மில்லிவோல்ட். நான்கு எல்இடி, 40 டிகிரி ஏற்றம் என்றால் 0.3 வோல்ட் கூடுதலாக ஐசிக்குத்தான் போய்ச் சேரும். அதற்காக சப்ளையை ஒரேயடியாக இறுக்கிவிடாதீர்கள். ஐசிக்குக் கொஞ்சம் வோல்டேஜ் இருந்தால்தான் கரண்ட்டைப் பிடிக்க முடியும். விடிகாலைக் குளிரில் எல்இடி அதிகம் கேட்கும்போது கோடுகள் மங்கிவிடும். 20 மில்லி ஆம்பியருக்கு 1 வோல்ட் மிச்சம் வைத்தால் நிம்மதி.

தசமப் புள்ளியையும் மறக்க வேண்டாம். பெரிய எண்களில் கோட்டுக்கு நான்கு எல்இடி இருந்தாலும் புள்ளிக்குப் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும். விலைப் பலகையில் அந்தப் புள்ளி எப்போதும் எரிகிறது. 9 வோல்ட்டிலும் அந்தக் காலில் 5 வோல்ட் விழும். புள்ளிக்கு மட்டும் தொடராக 200 ஓம் போட்டால் அது 1 வோல்ட்டுக்கு வந்துவிடும்.

சப்ளையை மாற்றவே முடியாது என்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் 150 ஓம் போடுங்கள். ஐசி பிழைக்கும். ஆனால் சூடு ரெசிஸ்டருக்கு இடம் மாறியதே தவிர பெட்டியை விட்டு வெளியே போகவில்லை. மூடிய பெட்டியில் அதுவும் கொஞ்சம் திரும்பி வரும். சந்தையில் விற்கும் மின்சிக்கன வண்ணத் திரைகளில் சிவப்புக்கு 2.8, பச்சைக்கும் நீலத்துக்கும் 3.8 என்று தனித்தனி வோல்ட் கொடுப்பது இதனால்தான்.

சரிபார்ப்பது சுலபம். முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, ஐசியின் அவுட்புட் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். வெளிச்சத்தைக் குறைக்க ஐசி எல்இடியை வேகமாக அணைத்து எரியவிட்டுத் துடிக்க வைக்கும்; அந்த நிலையில் அளந்தால் துடிப்பின் சராசரிதான் தெரியும், ஏமாந்துபோவீர்கள்.

7809 போட்டு 9 வோல்ட் ஆக்குவது

வேண்டாம். 7809 என்ற ரெகுலேட்டர் ஐசியும் மிச்ச வோல்டேஜைச் சூடாகவே கழிக்கும், அதுவும் அடுப்புதான். வோல்டேஜை அதிகம் வீணாக்காமல் இறக்கும் பக் கன்வெர்ட்டர், இல்லையென்றால் நேராக 9 வோல்ட் எஸ்எம்பிஎஸ்.

கரண்ட்டைக் குறைத்துத் தப்பிப்பது

சூடு குறையும். வெயிலில் விலை தெரியாது. பங்க்காரர் போன் செய்வார்.

அடிப் பேடைச் சும்மா விடுவது

அடியில் பேட் (உலோகத் தகடு) உள்ள ஐசி பேக்கேஜில் சூடு வெளியேறும் வாசல் அந்தப் பேட்தான். அதை போர்டில் சால்டர் செய்யாவிட்டால் டிஎல்சி5940 தாங்கும் வாட் ஏறக்குறைய பாதியாகும் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. பேடுக்குக் கீழே சின்னச் சின்ன வயாக்கள் (காப்பர் பூசிய துளைகள்) போட்டு, மறுபக்கம் அகலமான கிரவுண்ட் காப்பரில் சேருங்கள். 0.3 மில்லிமீட்டர் துளை போதும்; பெரிதாக்கினால் சால்டர் மறுபக்கம் வழிந்து பேட் காய்ந்துவிடும். கையால் சால்டர் செய்பவர்கள் பேடின் மையத்தில் ஒரு பெரிய துளை விட்டுப் பின்பக்கத்திலிருந்து ஊற்றுவதும் உண்டு. அழகில்லை, வேலை செய்யும்.

அப்புறம், பிளாஸ்டிக் தலையில் ஒட்டும் குட்டி ஹீட் சிங்க். காசுக்குக் கேடு.

டேட்டாஷீட்டின் டிகிரியை அப்படியே நம்புவது

வாட்டுக்கு எத்தனை டிகிரி என்ற அந்த எண்ணைப் பெரும்பாலும் ஜெடெக் (செமிகண்டக்டர் தர அமைப்பு) தரத்தின் நான்கு அடுக்கு போர்டில், உள்ளே இரண்டு முழுக் காப்பர் தளத்தோடு எடுத்திருப்பார்கள். உங்களுடையது இரண்டு அடுக்கு, அதிலும் பாதி இடத்தில் எல்இடி. இரண்டு மடங்கு வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

எக்ஸ்எர்ர் காலை அந்தரத்தில் விடுவது

டிஎல்சி5940 அளவுக்கு மீறிச் சூடானால் தானாக அணையாது, எக்ஸ்எர்ர் என்ற எச்சரிக்கைக் காலின் வோல்டேஜைக் கீழே இழுத்துச் சொல்லும், அவ்வளவுதான். மைக்ரோகன்ட்ரோலரில் கட்டுங்கள், எச்சரிக்கை வந்ததும் வெளிச்சத்தைப் பாதியாக்க நாலு வரி புரோகிராம் போதும்.

துப்பாக்கித் தெர்மாமீட்டரைத் தூரத்திலிருந்து பிடிப்பது

ஐசி நகத்தளவு. தூரத்திலிருந்து பிடித்தால் சுற்றியுள்ள போர்டையும் சேர்த்துச் சராசரி காட்டும். பளபளக்கும் சால்டரிலோ உலோகத்திலோ காட்டினால் இன்னும் குறைவாகச் சொல்லும். தெர்மோகப்புள் வயரை (சூட்டை அளக்கும் சென்சார் வயர்) ஐசியின் முதுகில் ஒட்டி, பெட்டியை மூடி, எல்லா இடத்திலும் 8 எரியவிட்டு, வெயிலில் இரண்டு மணி நேரம் வையுங்கள். வருகிற எண்ணைவிட உள்ளே சிலிக்கான் இன்னும் சூடு.