ரைன் கரையில் ஆடிப்பெருக்கு

வெளிநாடு போன எங்கள் பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகள் பொங்கலையும் தீபாவளியையும் எப்படியாவது கொண்டாடிவிடுகிறார்கள். ஆடிப்பெருக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள். காவிரி இல்லாத ஊரில் எதைக் கும்பிடுவது என்று என் மகளே கேட்டாள். அவள் இருக்கும் கொலோன் நகரின் நடுவிலேயே ரைன் ஓடுகிறது! ஓடுகிற தண்ணீர் எதுவானாலும் கும்பிடலாம். ஒகேனக்கல் தண்ணீரில் வளர்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ஆடி 18 பெரும்பாலும் ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதி வரும். வேலை நாள் என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஜெர்மனியில் அப்போது கோடை. பொழுது சாய இரவு ஒன்பது மணிக்கு மேலாகிவிடும். வேலை முடிந்து வந்து நிதானமாக ஆற்றங்கரைக்குப் போகலாம்.

ஊரிலிருந்து கிளம்பும்போதே மஞ்சள் சரடு, குங்குமம், காதோலை, கருகமணி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நெய்யும் பால் இனிப்பும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பயணிகள் பால் பொருள்களைக் கொண்டுபோக அனுமதி இல்லை. வாழையிலை, கறிவேப்பிலை, பச்சை மஞ்சள் கொத்து ஆகியவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள்.

கட்டாயம் கொண்டுபோக வேண்டியது புளிக்காய்ச்சல். தருமபுரிச் சந்தையில் நல்ல புளியாகப் பார்த்து வாங்கி, வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்து, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துக் கரைசலைக் கொதிக்கவிடுங்கள். வறுத்துப் பொடித்த வெந்தயத்தையும் தனியாவையும் கடைசியில் தூவுங்கள். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும்வரை அடுப்பை அணைக்கக் கூடாது. ஈரம் நின்றால் கெட்டுவிடும். நன்றாக ஆறியபின் பாட்டிலில் அடைத்துப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். வேர்க்கடலையை அங்கே போய் வறுத்துச் சேர்த்தால்தான் மொறுமொறுப்பாக இருக்கும். பொன்னி அரிசியும் நல்லெண்ணெயும் ஈழத் தமிழர் கடைகளில் கிடைக்கும். சீனக் கடைகளில் விற்கும் கருத்த எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. நம் சோற்றுக்கு அந்த வாசனை ஒத்துவராது. தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் எல்லாம் அவரவர் வசதி.

முளைப்பாரி வேண்டுமென்றால் ஒன்பது நாள் முன்பே பச்சைப்பயறை ஊறவைத்துச் சிறு தொட்டியில் விதைத்துவிடுங்கள்.

கரையில் நின்றே கும்பிடுங்கள். ரைனில் இழுப்பு அதிகம், கப்பல் போனால் அலை எழும்பும். குழந்தைகளின் கையை விடாதீர்கள். பூ, துணி, விளக்கு எதையும் தண்ணீரில் விட வேண்டாம். காதோலை கருகமணியைக் கூட வந்த பெண் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். சரடு மாற்றுவதை வீட்டிலேயே, காலையில், வயதில் மூத்த சுமங்கலி ஒருவர் கையால் செய்துகொள்வது நல்லது.

ஊருக்குப் பேசுவதையும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏழு மணி என்றால் இங்கே பத்தரை. ஒகேனக்கல்லில் கூட்டம் குளித்துக்கொண்டிருக்கும் நேரம். நீங்கள் மாலையில் கரைக்குப் போகும்போது நாங்கள் தூங்கியிருப்போம்.