தொட்டியில் ஈரம், இலையில் வாட்டம்

பரிசாக வந்த ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் இலைகள் சுருங்கித் தொங்கின. தொட்டியிலோ ஈரம் இருந்தது. இந்த முரண்தான் துப்பு: வேர் அழுகிவிட்டால் செடியால் நீரை உறிஞ்ச முடியாது.

கவிழ்த்துப் பார்த்தேன். நடுவில் இறுக்கி அடைத்திருந்த பாசியைப் பிழிந்தால் நீர் சொட்டியது. தொட்டதும் கூழான பழுப்பு வேர்களை, தீயில் காட்டி ஆறவைத்த கத்தரியால் நீக்கினேன், கெட்டியானவற்றைத் தொடவில்லை. காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வாழும் செடி இது. வேரை மூடியிருக்கும் பஞ்சு போன்ற வெலமன் உறைக்கு நீரோடு காற்றும் வேண்டும். எனவே பக்கவாட்டிலும் துளையுள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் தொட்டியில், மண்ணே இல்லாமல் மரப்பட்டைத் துண்டுகளில் நட்டேன். வெட்டிய இடம் உலரச் சில நாள் தண்ணீர் விடவில்லை.

கிழமை பார்த்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லும் அறிவுரைகளை நான் மதிப்பதில்லை. வேரே சொல்லிவிடும்: பச்சையாக இருந்தால் பொறுக்கலாம், வெள்ளி நிறத்துக்கு மாறினால் நனைக்கலாம். நடுக்குருத்தில் தேங்கும் நீரைக் காகிதத்தால் ஒற்றி எடுக்கிறேன். அங்கும் அழுகல் தொடங்கும்.

பழைய இலைகள் முழுதாக நிமிரவில்லை. புதிய இலை விறைப்பாக வந்திருக்கிறது. உரத்தை இப்போதுதான், உறையில் சொன்ன அளவில் கால்பங்கு கரைத்துத் தொடங்கியிருக்கிறேன்.