சேற்றுக்கு ஒரு வண்டி, தடத்துக்கு ஒரு வண்டி: ஏடிவியை டயரிலிருந்து அமைப்பது எப்படி

என் பட்டறைக்கு ஏடிவியை, அதாவது சாலையில்லாத கரடுமுரடான நிலத்தில் ஓடும் பருத்த டயர் வண்டியை, கொண்டுவருகிறவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: எதில் ஓட்டப்போகிறீர்கள்? "எல்லாத்துலயும்தான்" என்று பதில் வந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பேச உட்கார்ந்துவிடுவேன். சேறும் காட்டுத்தடமும் வண்டியிடம் நேரெதிரான குணங்களைக் கேட்கின்றன. கல்லும் வேரும் வளைவும் நிறைந்த தடத்துக்கு வண்டி தாழ்வாக, இலேசாக, சக்கரம் தாராளமாக ஏறி இறங்கும்படி இருக்க வேண்டும். சேற்றுக்கு உயரம் வேண்டும், தோண்டி இழுக்கும் டயர் வேண்டும், தண்ணீர் எங்கும் நுழையக்கூடாது. நடுவில் நின்றால் இரண்டிலும் சுமாராக ஓடும் வண்டி கிடைக்கும். அது போதும் என்றால் கம்பெனி கொடுத்தபடியே ஓட்டுங்கள், அதில் குறையொன்றும் இல்லை.

முடிவு செய்யத் தெரியவில்லையா? போன முறை வண்டியைக் கழுவியபோது சேறு எதுவரை ஏறியிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கால் வைக்கும் பலகைக்குக் கீழேயே நின்றிருந்தால் நீங்கள் தடத்துக்காரர். சீட்டுக்கு அடியிலும் இருந்தது என்றால் சேற்றுக்காரர்.

எல்லா வேலையும் டயரில்தான் தொடங்குகிறது. 1970-ல் ஹோண்டா விற்ற மூன்று சக்கர யூஎஸ்90-ல் (பிறகு ஏடிசி90 என்று பெயர் மாறியது) சஸ்பென்ஷனே கிடையாது. காற்றுக் குறைவான பலூன் டயர்தான் குலுக்கலையும் வாங்கிக்கொண்டது, இளகிய தரையில் வண்டியைப் புதையாமலும் வைத்தது. எளிதில் கவிழ்கிறது என்ற காரணத்தால் 1988-ல் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. அதற்குள் நான்கு சக்கரம் வேரூன்றிவிட்டது. ஆனால் குறைந்த காற்றில் ஓடும் பருத்த டயர் என்ற அடிப்படை மாறவே இல்லை. இன்றும் பெரும்பாலான ஏடிவி டயர்கள் 5 முதல் 7 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) அளவில்தான் ஓடுகின்றன. கார் டயருக்குக் காற்றடிக்கும் மீட்டரில் இந்த அளவைச் சரியாகப் படிக்க முடியாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே இருக்கும் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிஎஸ்ஐ வித்தியாசமே ஓட்டத்தில் கைக்குத் தெரியும்.

தட டயரின் பற்கள் முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் ஆழம் இருக்கும். சேற்று டயரில் 2 அங்குலம் சாதாரணம், 3 வரைக்கும் போகிறது. ஆழத்தைவிட முக்கியமாக நான் பார்ப்பது பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை. அங்கே அடைந்த சேறு சக்கரம் சுழலும்போது தெறித்து விழ வேண்டும். விழாவிட்டால் எவ்வளவு ஆழமான பல்லாக இருந்தாலும் டயர் வழவழப்பான உருளையாகிவிடும்.

அகலத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அகலமான டயர் சேற்றில் பலமாகப் பிடிக்கும் என்று நினைப்பார்கள். நீங்கள் போகும் சேற்றில் ஒரு நீளமான கம்பை ஊன்றிப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியதும் கடினமான தரை தட்டினால் உங்களுக்கு வேண்டியது உயரமான, ஒடுங்கிய டயர். அது சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கி அடித்தரையைப் பிடிக்கும். கம்பு போய்க்கொண்டே இருந்தால் அகலமான டயர்தான் மேலே மிதந்து காப்பாற்றும். அதைவிட நல்ல யோசனை, சுற்றுவழியில் போவது.

இனி கணக்கு. 26 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 30 அங்குலம் போட்டால் வண்டி 4 அங்குலம் உயராது, 2 அங்குலம்தான் உயரும். விட்டத்தில் பாதிதான் ஆக்சிலுக்கு, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டுக்கு, கீழே வருகிறது. அந்த 2 அங்குலத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை என்ன? ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் சுமார் 15 சதவீதம் கூடுதலாக உருளும். அதாவது கியர் அந்த அளவுக்கு உயர்ந்துவிட்டது, தரையில் இழுக்கும் சக்தி சுமார் 13 சதவீதம் குறைந்துவிட்டது. டயரின் எடை வேறு. பெரிய சேற்று டயர் ஒன்றே 15 கிலோவைத் தாண்டும். அதைச் சுழற்றவும் நிறுத்தவும் எஞ்சினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவது போலத்தான் மீதி வேலையெல்லாம் இங்கிருந்து வரிசையாக வருகிறது.

முதல் அடி பெல்ட்டில் விழும். 1985-ல் பொலாரிஸ் ட்ரெயில் பாஸ் பெல்ட் வழியே ஓடும் ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலான ஏடிவிகளில் அதே முறைதான். ரப்பர் பெல்ட்டை இரண்டு கிளட்ச்சுகள் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்து ஓட்டுகின்றன. கனமான டயரைப் போட்டதும் பிடி போதாமல் பெல்ட் வழுக்கும், சூடாகும், கருகிய ரப்பர் வாடை வரும். அந்த வாடை வந்தால் அப்போதே நிறுத்துங்கள். முன் கிளட்ச்சில் இலேசான எடைக்கட்டிகளும் பின் கிளட்ச்சில் இறுக்கமான ஸ்பிரிங்கும் சேர்ந்து வரும் கிளட்ச் கிட் போட்டால், எஞ்சின் நல்ல சுழற்சிக்கு வந்த பிறகே கியர் ஏறும், சுமை வந்ததும் சட்டென்று இறங்கும். டயர் அளவைச் சொல்லி அதற்குரிய கிட்டாகவே கேளுங்கள். அதற்கும் மேலே பெரிய டயர் போகிறவர்களுக்குக் கியரையே குறைக்கும் வேலை தேவைப்படும். ஹோண்டாவின் கியர் வண்டிகளில் பெல்ட்டே இல்லை என்பதால் இந்தத் தலைவலி கிடையாது. ஆனால் அங்கே கியர் உயர்ந்ததைச் சரிசெய்ய கிளட்ச் கிட் என்ற சுலப வழியும் கிடையாது.

கிட் போட்டாலும் போடாவிட்டாலும் பழக்கம் ஒன்று வேண்டும்: நடை வேகத்தில் போகிற இடத்திலெல்லாம் லோ கியர். நான் பார்த்த கருகிய பெல்ட்டுகளில் பெரும்பாலானவை ஹை கியரில் சேற்றுக்குள் உறுமிய வண்டிகளுடையவை.

உயரம் இன்னும் வேண்டும் என்று லிஃப்ட் கிட் கேட்பவர்கள் அடுத்து வருவார்கள். சாதாரணமாக 2 அங்குலம். டயர் மட்கார்டில் உரசாமலிருக்க அது தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் ஆக்சிலின் சாய்வு கூடுகிறது, இரு முனையிலும் உள்ள சிவி ஜாயின்ட் (மடங்கினாலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) நிரந்தரமாக மடங்கிய நிலையிலேயே வேலை செய்கிறது. அதன் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மண் உள்ளே வரும், பிறகு ஜாயின்ட்டுக்கு ஆயுள் கொஞ்சம்தான். லிஃப்ட் போட்ட வண்டியில் ஹேண்டிலை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு திராட்டிலை அழுத்தாதீர்கள். ஆக்சில் முறியும் இடம் அதுதான். போர்ட்டல் என்ற கியர்ப் பெட்டியைச் சக்கரத்தருகே பொருத்தினால் ஆக்சில் சாய்வு மாறாமலே உயரம் வரும், கியரும் குறையும். விலையும் எடையும் அதிகம். எப்படி உயர்த்தினாலும் வண்டியின் பாரம் மேலே ஏறுகிறது, பக்கச் சரிவில் கவிழ்வது சுலபமாகிறது. இதைச் சொல்லாமல் லிஃப்ட் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். கான்-ஆம் அவுட்லேண்டர் எக்ஸ் எம்ஆர் போன்ற வண்டிகள் கம்பெனியிலிருந்தே சேற்றுக்கென்று வருகின்றன. மற்ற வண்டிகளுக்கு ஸ்நார்க்கல் (காற்று வாயைத் தண்ணீருக்கு மேலே உயர்த்தும் குழாய்) நாம்தான் போட வேண்டும். மூன்று குழாய்கள்: எஞ்சினுக்குக் காற்று போகும் வழி, பெல்ட் பெட்டிக்குக் காற்று போகும் வழி, பெல்ட் பெட்டியிலிருந்து சூடான காற்று வெளியேறும் வழி. எஞ்சினுக்கு மட்டும் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் விட்டால் பெல்ட் நனைந்து வழுக்கும், வண்டி உறுமுமே தவிர நகராது. பெல்ட் பெட்டியின் இரண்டு குழாய் வாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். வெளியேறிய சூட்டையே மறுபடி இழுத்துக்கொள்ளும். வளைவுகள் கூர்மையாக இல்லாமல் நீண்டு வளையட்டும். ஒவ்வொரு இணைப்பிலும் சீலன்ட்டும் கிளாம்பும் வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, அதன் ஸ்நார்க்கல் வாயை உள்ளங்கையால் முழுக்க மூடுங்கள். சில நொடிகளில் எஞ்சின் அணைய வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. காற்று போகும் இடத்தில் தண்ணீரும் போகும். ஓட்டையைக் கண்டுபிடிக்கும்வரை அந்த வண்டி தண்ணீருக்குள் போகக்கூடாது.

எல்லோரும் மறப்பது மூச்சுக் குழாய்களை. டிஃப்ரன்ஷியல் (இடது வலது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர்ப் பெட்டி), கியர்பாக்ஸ், பெட்ரோல் டேங்க் எல்லாவற்றுக்கும் மெல்லிய குழாய் ஒன்று இருக்கும். ஓடிச் சூடான டிஃப்ரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி வெளியிலிருப்பதை உறிஞ்சும். குழாயின் முனை தாழ்வாக இருந்தால் உறிஞ்சப்படுவது தண்ணீர். எல்லாக் குழாய்களையும் ஹேண்டில் உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். மின் இணைப்புகளைப் பிரித்து ஈரம் புகாமல் காக்கும் டையெலக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

ஸ்நார்க்கல் உயரம்வரை தண்ணீரில் போகலாம் என்று அர்த்தமில்லை. பெரிய டயர்கள் நான்கும் காற்றுப் பைகள். ஆழம் கூடினால் வண்டி மிதக்கத் தொடங்கும், மிதக்கும் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காமல் புரளும். எஞ்சினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டால் ஸ்டார்ட்டர் பட்டனைத் தொடவே தொடாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது, வளைவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள், பிறகு ஆயிலை மாற்றுங்கள்.

ரேடியேட்டர் முன் சக்கரங்களுக்கு நடுவில் இருப்பதால் சேறு முழுவதும் அதன் முகத்தில்தான். தீவிரச் சேற்றுக்காரர்கள் அதை முன் ரேக்குக்கு மேலே ஏற்றிவிடுவார்கள். ஏற்றினால் குழாய் நீளும், கூலன்ட் கூடும், உள்ளே சிக்கிய காற்றை மறக்காமல் வெளியேற்ற வேண்டும்.

நான்கு சக்கர இழுவை எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி இல்லை. யமஹா கிரிஸ்லியில் பட்டனை அழுத்தினால் முன் டிஃப்ரன்ஷியல் பூட்டிக்கொள்ளும், இரண்டு முன் சக்கரங்களும் சேர்ந்தே சுழலும். பொலாரிஸில் பின் சக்கரம் வழுக்கியதும் முன்சக்கரங்கள் தாமாகச் சேர்ந்துகொள்ளும். கான்-ஆமின் விஸ்கோ-லாக்கில் முன் சக்கரங்களில் ஒன்று மற்றதைவிட வேகமாகச் சுற்றினால்தான் பூட்டு விழும். உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பட்டன் ரகமென்றால் சேற்றுக்குள் இறங்கும் முன்பே பூட்டுங்கள். புதைந்து சக்கரம் சுழலும்போது பூட்டினால் கியர்ப் பற்கள் அடிவாங்கும்.

சேற்றில் ஓட்டுவது வேகம் பற்றியதல்ல என்பார்கள், எனக்கு அது பாதிதான் உடன்பாடு. தொடக்கத்தில் ஓரளவு வேகம் வேண்டும், பிறகு சீரான திராட்டில். முன்னேற்றம் குறையும்போது ஹேண்டிலை இடமும் வலமுமாக அறுப்பதுபோல் சிறிது சிறிதாக ஆட்டுங்கள். டயரின் ஓரப் பற்கள் தடத்தின் சுவரைப் பிடிக்கும். முன்னே நகர்வது முற்றிலும் நின்றுவிட்டால் திராட்டிலை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு சுழல்வதெல்லாம் குழி தோண்டும் வேலை. வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள், முடியாவிட்டால் வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்).

வின்ச்சின் திறன் ஆளோடும் சாமானோடும் சேர்த்த வண்டி எடையைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது. பெட்டியில் எழுதியிருக்கும் எண், டிரம்மில் கயிறு முதல் அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. அடுக்குகள் கூடக்கூட இழுவை குறையும். அதனால் தூரத்து மரத்தில் கட்டுவது நல்லது. கப்பி ஒன்றைப் போட்டுக் கயிற்றைத் திருப்பி வண்டியிலேயே மாட்டினால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். எஞ்சின் ஓடட்டும், இல்லையென்றால் பேட்டரி படுத்துவிடும். கயிறு இறுகியிருக்கும்போது யாரும் அதைத் தாண்டக்கூடாது.

தடத்துக்காரர்களுக்கு என் அறிவுரை சுருக்கமானது, ஏனென்றால் அவர்கள் குறைவாக மாற்ற வேண்டும். டயர் அளவை அப்படியே வையுங்கள். 12 அங்குல ரிம்மில் உயரமான பக்கச் சுவர் கொண்ட 6 பிளை (டயரின் உறுதியைக் காட்டும் அளவு) டயர் கல்லிலும் குத்தாமல், குலுக்கலையும் வாங்கிக்கொள்ளும். செலவழிக்க மனமிருந்தால் ஷாக்கில் செலவழியுங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் தன் மொத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இறங்கும்படி பிரீலோடை (ஷாக் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) வையுங்கள். அதைச் செய்யக் காசே வேண்டாம். வண்டியோடு வரும் ஸ்பேனர் போதும், ஆனாலும் பலர் அதைத் தொட்டதே இல்லை.

திரும்பி வந்ததும் கழுவும் வேலை. ரேடியேட்டரை முன்னாலிருந்து அழுத்திப் பீய்ச்சாதீர்கள், சேறு உள்ளே இறுகும். எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளும்படி மெதுவாக அடியுங்கள். பெல்ட் பெட்டியின் வடிகால் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் வடியவிட்டு, நியூட்ரலில் எஞ்சினைச் சற்று முடுக்கி உலர்த்துங்கள். ஏர் ஃபில்டரைத் தொட்டுப் பாருங்கள். சக்கரத்தைப் பிடித்து ஆட்டி பேரிங்கைச் சோதியுங்கள். பிரேக் பேடையும் பாருங்கள், சேறு அதை உப்புத்தாள் போல் தேய்த்துவிடும். எஞ்சின் ஆயிலும் இரண்டு டிஃப்ரன்ஷியல் ஆயிலும் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் போய்விட்டது; வடித்துப் புதிது ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, மறுபடி வடித்துப் பாருங்கள். நிறம் தெளியும்வரை இதையே செய்யுங்கள்.