ஏமாந்த பிறகு செய்யும் தவறுகள்

நீலகிரியில் முதலீட்டு மோசடி பெரும்பாலும் தெரிந்த முகத்தோடுதான் வீட்டுக்கு வருகிறது. எஸ்டேட்டில் கிராஜுவிட்டி வாங்கியவர் யார், அரவங்காடு தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர் யார், பசுந்தேயிலைக் காசைச் சேர்த்து வைத்திருப்பவர் யார் என்பதெல்லாம் உள்ளூர் ஏஜென்ட்டுக்கு அத்துப்படி. கம்பெனி ஷட்டரை இழுத்த பிறகும் அதே ஆளைச் சந்தையிலும் கல்யாண வீட்டிலும் பார்க்க வேண்டியிருக்கிறது. "அவனும் பாவம், அவன் பணமும்தானே போச்சு" என்று புகார் கொடுக்காமல் விட்டுவிடுகிறோம். மலையில் நான் பார்க்கும் முதல் தவறு இந்த முகதாட்சண்யம்தான்.

டெபாசிட் வாங்கிவிட்டுத் திருப்பித் தராத நிறுவனங்களுக்காகவே தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. டான்பிட் சட்டம் என்பார்கள். 10 ஆண்டு வரை சிறை உண்டு. அதைவிட நமக்கு முக்கியம், சொத்தை முடக்கி, விற்று, வரும் தொகையை முதலீட்டாளர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுக்க அதில் வழி இருக்கிறது. புகாரே கொடுக்காதவர் கடைசியில் போய்ப் பங்கு கேட்டால் இழுபறிதான். நீலகிரிக்காரர்கள் கோவையில் உள்ள பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். சிறப்பு நீதிமன்றமும் கோவையில்தான். பொறுமை வேண்டும். 2009-ல் வெடித்த திருப்பூர் பாசி நிறுவன முதலீட்டு மோசடி வழக்கில் தீர்ப்பு வந்தது 2022-ல்.

அடுத்தது செக். நெருக்கிக் கேட்டால் ஒரு செக்கை நீட்டுவார்கள். "அண்ணா, இப்போ போட்டுடாதீங்க, மாசக் கடைசியில போடுங்க." அந்த மாசக் கடைசி நகர்ந்துகொண்டே போகும். செக்குக்கு ஆயுள் தேதியிலிருந்து 3 மாதம். பணமில்லை என்று திரும்பினால், பேங்க் தரும் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் வழக்கு. ஒவ்வொரு கெடுவும் தனித்தனி. மெமோவை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டுத் தேயிலை சீசன் முடிந்ததும் வக்கீலைப் பார்க்கலாம் என்றிருந்தால், நல்ல கேஸும் பலவீனமாகிவிடும்.

புரோநோட்டும் அப்படித்தான். கேட்டதும் தருவதாக எழுதிய நோட்டுக்கு, வழக்குப் போடக் கெடு எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டு. வாய்வார்த்தையாக "தந்துடறேன்" என்றால் கெடு நீளாது. கெடு முடியும் முன்பே கையெழுத்தோடு எழுதி வாங்க வேண்டும்.

"பழைய பாண்டைக் கொடுங்க, புதுசா மாத்தித் தர்றோம்" என்றால் டெபாசிட் பத்திரத்தின் ஒரிஜினலைத் தராதீர்கள். போலீஸ் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள். புகார் மனுவுக்கும் ரசீது கேளுங்கள்.

பணம் போனது வாட்ஸ்அப் டிரேடிங் குரூப்பில் என்றால் கதையே வேறு. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். பணம் வேறு கணக்குக்குத் தாண்டுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். வீட்டில் தெரிந்தால் திட்டுவார்களே என்று ஒரு வாரம் மறைப்பவர்கள்தான் அதிகம்.

அப்புறம் ஒரு கூட்டம் வரும்: "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், பிராசஸிங் கட்டணம் மட்டும் முன்னால் போடுங்கள்." ஏமாந்தவர்களின் நம்பர் லிஸ்ட் கைமாறும் தொழில் இது. கோர்ட்டும் போலீஸும் ஜிபேயில் கட்டணம் கேட்பதில்லை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதும் ஒதுங்கி நிற்கக் காரணமாக வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; போனில் என்றால் 15100.