பழைய டிராக்டருக்கு டர்போ பொருத்துவது எப்படி?

டர்போ இல்லாமல் வந்த மூன்று சிலிண்டர் மாஸி ஃபெர்குசன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2.5 லிட்டர் எஞ்சின் 2,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு அதிகபட்சம் 2,500 லிட்டர் காற்றை இழுக்கும். ஈரமண்ணில் ரோட்டவேட்டரை இறக்கியதும் கரும்புகை கக்கினால், டீசலுக்கு ஏற்ற காற்று போதவில்லை என்று பொருள். வெளியேறும் புகையின் விசையாலேயே கூடுதல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது டர்போ.

1. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக்கூடும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் விசாரித்துவிடுங்கள்.

2. லாரி டர்போ மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். இந்த எஞ்சினின் புகை அதைப் போதிய வேகத்தில் சுழற்றாது. கார் எஞ்சின் 4,000 சுற்று ஓடும், நம்முடையது அதில் பாதிதான். ஆகவே 1.5 லிட்டர் டீசல் காரின் டர்போவே ஏறக்குறைய பொருந்தும்.

3. மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுவரும் வார்ப்பிரும்புக் குழாய்) டர்போவுக்கும் இடையே வைக்கும் தகட்டை லேத் பட்டறையில் கடைந்து வாங்குங்கள். சைலன்சரின் பாரத்தைத் தாங்கத் தனியாக ஒரு பிராக்கெட் வேண்டும். அது இல்லையென்றால் குலுக்கலில் வார்ப்பிரும்பில் விரிசல் விழுந்துவிடும்.

4. எல்லாவற்றையும்விட ஆயில் குழாயில்தான் கவனம் வேண்டும். டர்போவின் சாஃப்ட் நிமிடத்துக்கு லட்சம் முறைக்கு மேல் சுழலக்கூடியது; ஆயில் படலத்தின் மீதுதான் அது மிதக்கிறது. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டி இணைப்பு போட்டு, மெல்லிய குழாயில் ஆயிலைக் கொண்டுவரலாம். திரும்பும் குழாய் அப்படி மெல்லியதாக இருக்கக் கூடாது. பேரிங்கைவிட்டு வரும் ஆயிலுக்கு அழுத்தம் கிடையாது. ஆற்றிய காபியின் நுரையைப் போலக் காற்று கலந்து, தன் எடையால் மட்டுமே இறங்கும். உள்விட்டம் 15 மில்லிமீட்டராவது இருக்கட்டும். எங்கும் மேலேறாமல், தொய்யாமல், எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்பில், ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். தேங்கினால் ஆயில் சீலைத் தாண்டிக் கசியும், நீலப்புகை வரும். நல்ல டர்போவைக் கெட்டதென்று கழற்றி எறிகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் குழாயைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

5. ஆயில் ஊற்றும் பழைய ஏர் கிளீனருக்குப் பதிலாக, அளவில் பெரிய காகித ஃபில்டர் வையுங்கள். ஹோஸ் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, எஞ்சின் சுமையில் ஓடும்போது குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

6. முதல் முறை ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவுக்குள் சுத்தமான ஆயில் ஊற்றிக் கையால் சுழற்றுங்கள். டீசலை நிறுத்தும் லீவரை இழுத்தபடி செல்ஃப் அடித்து, திரும்பும் குழாயில் ஆயில் வருவதைக் கண்ட பிறகு ஓடவிடுங்கள்.

டீசலின் அளவைக் கூட்டும் பம்ப் ஸ்குரூவை இப்போது தொடவே வேண்டாம். காற்று மட்டும் கூடினால் புகை குறையும். டீசலும் கூடினால் வெப்பம் ஏறி பிஸ்டன் உருகும். டர்போவுக்கு முன்னால் புகையின் வெப்பத்தைக் காட்டும் கேஜ் ஒன்றைப் பொருத்தி, 650 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் ஓட்டுங்கள். உழவு முடிந்ததும் சாவியைத் திருப்பிவிடாமல் மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். சூடேறிய டர்போவில் ஆயில் நின்றுபோனால் பேரிங்கிலேயே கரியாகிவிடும்.